பழைய ஸ்கிரீன் சேவர்களைக் கட்டளை வரியில் இயக்குவதும் அமைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கணினிகளைச் சீர்செய்து இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்களில் கணிசமானவை ஸ்கிரீன் சேவரைப் பற்றியவை. அவற்றுள்ளும் ஒரே கேள்விகளே வெவ்வேறு வாய்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 3.1 முதல் எக்ஸ்பி வரையிலான சேவர்களும், யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஓடும் எக்ஸ்ஸ்கிரீன்சேவரும் இதில் அடங்கும். தட்ட வேண்டிய கோப்புப் பெயர்களையும் சுவிட்ச்களையும் (நிரலின் பெயருக்குப் பின் கோட்டோடு தட்டும் எழுத்துகளை) ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அந்தந்த ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன் சேவர் தானாக வருவதுதானே? அதற்கு எதற்குக் கட்டளை வரி?

அது தானாக வருவதில்லை. உங்களுக்குப் பதிலாக விண்டோஸ் கட்டளையைத் தட்டுகிறது, அவ்வளவுதான். எஸ்சிஆர் என்று முடியும் கோப்பு வேறு பெயர் பூண்ட ஒரு சாதாரண இஎக்ஸ்இ நிரலே. குறிப்பிட்ட நேரம் வரை விசையும் சுட்டியும் அசையாதிருந்தால், விண்டோஸ் அந்த நிரலை ஓர் எழுத்தோடு சேர்த்துத் தொடங்குகிறது. அந்த எழுத்தை நீங்களே கொடுத்தால், காத்திருக்காமல் அதே வேலையைச் செய்ய வைக்கலாம்.

இந்த வசதி தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. ஜான் சோச்சா எழுதி, 1983 டிசம்பரில் சாஃப்ட்டாக் இதழில் வெளிவந்த ஸ்கிரன்சேவ் என்ற நிரல், ஐபிஎம் பிசியின் திரையை மூன்று நிமிடம் கழித்து வெறுமையாக்கியது. அந்த மூன்று நிமிடத்தை மாற்ற வேண்டுமானால் நிரலின் மூலத்தைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய (இயங்கும் கோப்பாக மாற்ற) வேண்டியிருந்தது. அந்தப் பெயர் இன்றளவும் அழியவில்லை: விண்டோஸ் தன் சேவரைக் குறித்து வைக்கும் வரியின் பெயர் ஸ்கிரன்சேவ்.இஎக்ஸ்இ என்பதே.

மொத்தம் எத்தனை சுவிட்ச்தான் இருக்கிறது?

விண்டோஸ் சேவர்களுக்கு நான்கு. /எஸ் என்றால் முழுத்திரையில் ஓடு. /சி என்றால் அமைப்புப் பெட்டியைத் திற. /பி என்பதையடுத்து ஒரு சாளர எண் (திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) வந்தால், அந்தச் சாளரத்துக்குள் சிறிய முன்னோட்டமாக ஓடு. /ஏ என்பதையடுத்து ஒரு சாளர எண் வந்தால், கடவுச்சொல்லை மாற்றும் பெட்டியைக் காட்டு. இந்தக் கடைசிச் சுவிட்ச் விண்டோஸ் 95 வழியில் வந்த பதிப்புகளுக்கு மட்டும் உரியது. எந்தச் சுவிட்சும் தராவிட்டால் சேவர் தன் அமைப்புப் பெட்டியையே காட்ட வேண்டும் என்பது மரபு.

விண்டோஸ் 3.1 சேவர்களுக்கு /எஸ், /சி ஆகிய இரண்டு போதும். முன்னோட்டம் காட்டும் அந்தச் சிறிய கணினித் திரைப் படம் 95இல்தான் வந்தது.

கோப்பை இரட்டைச் சொடுக்கினால் முழுத்திரையில் ஓடுகிறது. அதையே கட்டளை வரியில் தட்டினால் அமைப்புப் பெட்டி வருகிறது. ஏன் இந்த வேறுபாடு?

இரட்டைச் சொடுக்கும்போது கோப்பைத் தொடங்குவது எக்ஸ்ப்ளோரர். எஸ்சிஆர் வகைக் கோப்பைத் 'திற' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தில்) பதிந்திருக்கும் கட்டளையை அது பின்பற்றுகிறது. அந்தக் கட்டளையில் /எஸ் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்பியின் கட்டளை வரியில் வெறும் பெயரை மட்டும் தட்டும்போது இடையில் யாரும் எழுத்தைச் சேர்ப்பதில்லை. ஆகவே மேலே சொன்ன மரபுப்படி அமைப்புப் பெட்டி வருகிறது. வலச் சொடுக்குப் பட்டியலில் காணும் 'கான்ஃபிகர்' என்பதும் சுவிட்ச் இல்லாமல் ஓட்டுவதுதான்.

பெயரைத் தட்டும்போது எஸ்சிஆர் என்ற பின்னொட்டையும் சேர்த்தே தட்டுங்கள். தானாகச் சேர்த்துக்கொள்ளும் பின்னொட்டுகளின் பட்டியலில் அது இல்லை. கோப்புகள் 3.1இல் விண்டோஸ் கோப்புறையிலும், 95இல் அதனுள் இருக்கும் சிஸ்டம் கோப்புறையிலும், என்டி வழிப் பதிப்புகளில் (என்டி, 2000, எக்ஸ்பி) சிஸ்டம்32 கோப்புறையிலும் இருக்கும். 3.1இலும் 95இலும் டாஸ் சாளரத்தைவிட 'ரன்' பெட்டியில் முழுப் பாதையோடு தட்டுவதே எளிது.

/சி கொடுத்தேன், மாற்றுவதற்கு எந்தத் தெரிவும் இல்லை என்று சொல்லிவிட்டது. கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. நீங்கள் ஓட்டியது ஸ்கிரன்சேவ்.எஸ்சிஆர், அதாவது வெறும் கறுப்புத் திரை. அதில் மாற்ற ஒன்றுமில்லை, அதைத்தான் அது சொல்கிறது. கண்ணாடிக் குழாய்த் திரையின் பாஸ்பர் பூச்சு தேயாமல் காப்பதே உங்கள் முதல் நோக்கம் என்றால், எல்லாச் சேவர்களிலும் சிறந்தது இதுவே.

நட்சத்திரங்களின் வேகத்தையும் எண்ணிக்கையையும் /எஸ் உடனேயே சேர்த்துத் தர முடியாதா?

முடியாது. எல்லாக் குழப்பங்களுக்கும் வேர் இந்த இடத்தில்தான் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் சேவரில் சுவிட்ச் என்பது 'இப்போது எந்த வேலையைச் செய்ய வேண்டும்' என்பதை மட்டுமே சொல்கிறது. 'அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும்' என்பதைச் சொல்வதில்லை. கன்ட்ரோல் பேனலுக்கு எந்தச் சேவரின் உள்விவரமும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அதனால்தான் யார் எழுதிய சேவரும் அந்தப் பட்டியலில் இடம்பெற முடிந்தது. வேகம், நிறம், வாசகம் ஆகியவற்றைச் சேவர் தானே ஓரிடத்தில் எழுதிவைத்து, /எஸ் வரும்போது அங்கிருந்து படித்துக்கொள்கிறது. நல்ல வடிவமைப்புதான் என்றாலும், பேட்ச் கோப்பு (வரிசையாக ஓடும் கட்டளைகளின் உரைக் கோப்பு) எழுத விரும்புகிறவருக்கு இது ஒரு தடையே.

விண்டோஸ் 3.1இல் அந்த இடம் கன்ட்ரோல்.ஐஎன்ஐ என்ற உரைக் கோப்பு. அதில் ஒவ்வொரு சேவருக்கும் சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு இருக்கும். நட்சத்திரச் சேவரின் தலைப்பு [ஸ்கிரீன் சேவர்.ஸ்டார்ஸ்], அதன்கீழ் டென்சிட்டி என்ற வரி எண்ணிக்கையையும், வார்ப்ஸ்பீட் என்ற வரி வேகத்தையும் குறிக்கும். வாசகத்தைத் திரையில் ஓடவிடும் மார்க்கீ சேவருக்கு [ஸ்கிரீன் சேவர்.மார்க்கீ] என்ற தலைப்பின்கீழ் டெக்ஸ்ட், ஃபான்ட், சைஸ், ஸ்பீட், டெக்ஸ்ட்கலர், பேக்ரவுண்ட்கலர் ஆகிய வரிகள் வரும்; நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண்களாக எழுதப்படும். என்டி வழிப் பதிப்புகளில் இந்த ஐஎன்ஐ கோப்புக்குப் போகும் வாசிப்பும் எழுத்தும் ரெஜிஸ்ட்ரிக்குத் திருப்பிவிடப்படுகின்றன. ஆகவே அதே தலைப்புகளை ஹெச்கேசியு\கன்ட்ரோல் பேனல் என்பதன்கீழ்க் காணலாம்; ஹெச்கேசியு என்பது இப்போதைய பயனருக்குரிய ரெஜிஸ்ட்ரிப் பகுதி.

அப்படியானால் ஒரே மார்க்கீ சேவரில் காலையில் ஒரு வாசகம், மாலையில் இன்னொரு வாசகம் ஓடவிடவே முடியாதா?

முடியும், முதலில் எழுதிவைத்துவிட்டு அடுத்து ஓட்ட வேண்டும். எக்ஸ்பியில் இரண்டு வரிப் பேட்ச் கோப்பு போதும். முதல் வரி: ரெக் ஆட் "ஹெச்கேசியு\கன்ட்ரோல் பேனல்\ஸ்கிரீன் சேவர்.மார்க்கீ" /வி டெக்ஸ்ட் /டி "கூட்டம் 4 மணிக்கு" /எஃப். இரண்டாம் வரி: எஸ்எஸ்மார்க்யூஇ.எஸ்சிஆர் /எஸ். இதில் /எஃப் என்பது 'மேலெழுதவா' என்று கேட்காமல் எழுதிவிடச் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் பேட்ச் கோப்பு பதிலுக்காகக் காத்து நின்றுவிடும். வாசகத்துக்கு ஒன்றாகப் பேட்ச் கோப்பை வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

3.1இல் கன்ட்ரோல்.ஐஎன்ஐ கோப்புக்கு இரண்டு படிகள் (நகல்கள்) வைத்துக்கொண்டு, விண்டோஸைத் தொடங்குமுன் டாஸிலேயே தேவையானதை அதன் இடத்தில் காப்பி செய்யலாம். ஆனால் அந்தக் கோப்பில் சேவர்கள் மட்டும் குடியிருக்கவில்லை. திரையின் நிற அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. நான் முதன்முறை இப்படிச் செய்தபோது, பழைய படி ஒன்றைப் போட்டு, பொறுமையாக அமைத்திருந்த நிறங்களை எல்லாம் இழந்தேன். இரண்டு படிகளும் ஒரே மூலத்திலிருந்து எடுக்கப்பட்டு, வாசக வரியில் மட்டும் வேறுபட வேண்டும்.

/எஸ் உடன் 'ஐந்து நிமிடம் கழித்து' என்று எப்படிச் சொல்வது?

நேரத்துக்குச் சுவிட்ச் இல்லை. காத்திருப்பது சேவரின் வேலை அன்று, விண்டோஸின் வேலை. 3.1இல் வின்.ஐஎன்ஐ கோப்பின் [விண்டோஸ்] தலைப்பின்கீழ் ஸ்கிரீன்சேவ்டைம்அவுட், ஸ்கிரீன்சேவ்ஆக்டிவ் ஆகிய இரண்டு வரிகள் இதற்காக உள்ளன. நேரம் நொடிக் கணக்கில் எழுதப்பட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 300. கன்ட்ரோல் பேனல் நிமிடத்தில் காட்டுவதால் இங்கே 5 என்று எழுதிவிட்டு, ஐந்து நொடியில் திரை மாறுகிறதே என்று திகைத்தவர்கள் உண்டு.

எந்தச் சேவர் என்பது சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் [பூட்] தலைப்பின்கீழ் இருக்கிறது. அந்த வரியில் பாதையை எட்டும் மூன்றுமான குறும்பெயர் வடிவில் (பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று) எழுதுங்கள். என்டி வழியில் இவை எல்லாம் ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் பேனல்\டெஸ்க்டாப் என்பதன்கீழ் ஒன்றாக இருக்கும். கையால் மாற்றினால் வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பின்பே நடைமுறைக்கு வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

/பி கொடுத்தால் ஒன்றுமே நடக்கவில்லையே?

நடக்க வேண்டியதும் அதுதான். /பி என்பதையடுத்து, ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு சாளரத்தின் ஹேண்டில் எண் (மேலே சொன்ன சாளர எண்) பதின்மக் கணக்கில் வர வேண்டும். கன்ட்ரோல் பேனல் தன்னுடைய சிறிய திரைப் படத்தின் எண்ணைத் தருகிறது. 95இல் அந்த இடத்தின் அளவு 152க்கு 112 புள்ளிகள். எண் இல்லாமலோ பொய்யான எண்ணோடோ அழைத்தால் ஓடுவதற்கு இடமின்றிச் சேவர் வெளியேறிவிடும். சேவரை எழுதுபவர்களுக்குப் பயன்படுமே தவிர, அன்றாடம் கையால் தட்டுவதற்கு உரிய சுவிட்ச் அன்று இது.

கடவுச்சொல் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் /எஸ் என்று நானே ஓட்டினால் அது கேட்பதே இல்லை. ஏன்?

நீங்கள் என்டி, 2000, எக்ஸ்பி ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். இவற்றில் கடவுச்சொல் கேட்பது சேவர் அன்று. சேவரைத் தொடங்கும் வின்லாகான் என்ற அமைப்புப் பகுதியே கேட்கிறது. நீங்கள் கையால் ஓட்டும்போது வின்லாகானுக்கு அது தெரியாது. அதன் பார்வையில் ஏதோ ஒரு நிரல் ஓடி முடிந்தது, அவ்வளவே. ஆகவே /எஸ் போட்ட ஷார்ட்கட் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை அழுத்திவிட்டு எழுந்து போவது கணினியைப் பூட்டியதாகாது. பூட்ட வேண்டுமென்றால் 2000 முதல் உள்ள கட்டளை வேறு: ரன்டிஎல்எல்32 யூசர்32.டிஎல்எல்,லாக்வொர்க்ஸ்டேஷன். கடைசிச் சொல்லில் லாக், வொர்க், ஸ்டேஷன் மூன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

3.1இலும் 95 வழியிலும் நிலைமை தலைகீழ். அங்கே சேவர்தான் காவலாளி. முடியும் தறுவாயில் அதுவே கடவுச்சொல் கேட்கிறது. /ஏ என்ற சுவிட்ச் 95 வழியில் மட்டும் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

நானே ஒரு சேவர் எழுதினேன். கையால் /சி தட்டினால் பெட்டி வருகிறது, கன்ட்ரோல் பேனலில் 'செட்டிங்ஸ்' அழுத்தினால் வருவதில்லை. என்ன தவறு?

கன்ட்ரோல் பேனல் வெறும் /சி என்று அனுப்புவதில்லை. அமைப்புப் பெட்டி தன் சாளரத்துக்கு முன்னே நிற்க வேண்டும் என்பதற்காக, முக்காற்புள்ளி இட்டு, தன் சாளர எண்ணையும் ஒட்டி, /சி:65932 என்பதுபோல் அனுப்புகிறது. வந்த சொல் முழுவதும் '/சி' தானா என்று உங்கள் நிரல் ஒப்பிட்டால் அது பொருந்தாது. கோட்டுக்கு அடுத்த முதல் எழுத்தை மட்டும் பாருங்கள். அந்த எழுத்து பெரியதாகவும் வரலாம், சிறியதாகவும் வரலாம். எக்ஸ்ப்ளோரர் இரட்டைச் சொடுக்குக்குப் பெரிய எஸ் அனுப்புகிறது. சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

யாரும் உள்நுழையாதபோது ஓடும் சேவரை மாற்ற முடியுமா?

என்டி வழியில் முடியும். உள்நுழைவுத் திரைக்கெனத் தனிப் பயனர் அமைப்பு ஒன்று ஹெச்கீ_யூசர்ஸ்\.டிஃபால்ட் என்பதன்கீழ் இருக்கிறது. நேரத்துக்கான கேள்வியில் சொன்ன அதே கன்ட்ரோல் பேனல்\டெஸ்க்டாப் வரிகள் அங்கும் உண்டு. வேகமும் நிறமும் அங்கிருந்தே படிக்கப்படுவதால், உங்கள் பெயரில் அமைத்தவை அங்கே செல்லாது. முப்பரிமாணக் குழாய்கள் போன்ற கனமான சேவரைச் சர்வர் கணினியின் உள்நுழைவுத் திரைக்கு வைக்காதீர்கள். பார்க்க ஆளில்லாத நேரத்தில் அது செயலியின் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

3.1 காலத்துச் சேவர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இப்போதைய கணினியில் /எஸ் போட்டு ஓட்டலாமா?

64 பிட் விண்டோஸில் ஓடா. 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே அதில் இல்லை. எமுலேட்டருக்குள் (பழைய கணினியைப்போல் நடிக்கும் நிரலுக்குள்) பழைய விண்டோஸை நிறுவி அங்கே ஓட்டுங்கள். ஆஃப்டர் டார்க் என்ற பழைய ஸ்கிரீன் சேவர் தொகுப்பின் ஏடி என்று முடியும் கோப்புகளுக்கு இந்தச் சுவிட்ச்கள் எதுவும் பொருந்தா. அவை தனி நிரல்கள் அல்ல, அதன் இயந்திரம் ஏற்றிக்கொள்ளும் பகுதிகள்.

எங்கிருந்தோ எடுத்த எஸ்சிஆர் கோப்பை '/சி மட்டும்தானே, பெட்டியைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்' என்று திறக்காதீர்கள். முதல் விடையில் சொன்னதுபோல் அது முழுமையான நிரல். எந்த எழுத்தோடு அழைத்தாலும் அது ஓடத்தான் செய்கிறது. அந்த எழுத்தை மதிப்பதும் மதிக்காததும் அதை எழுதியவரின் விருப்பம்.

லினக்ஸில் இதே /எஸ் உண்டா?

அங்கே முறை வேறு. ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் வெளியிட்ட எக்ஸ்ஸ்கிரீன்சேவரில் காத்திருக்கும் நிரல் ஒன்று, படம் வரையும் நிரல்கள் பல. வரையும் நிரல்கள் தம் விருப்பங்கள் அனைத்தையும் கட்டளை வரியிலேயே ஏற்கின்றன. நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டவர் விரும்பியது இங்கே அப்படியே கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, க்யூஐஎக்ஸ் -கவுன்ட் 2 -பாலி 4 -செக்மென்ட்ஸ் 7 என்று தட்டினால், இரண்டு நாற்கோணங்கள் ஏழேழு கோட்டுச் சுவடுகளோடு அலையும். விண்டோஸின் மிஸ்டிஃபை சேவருக்கு நெருங்கிய உறவு.

காத்திருக்கும் நிரலோடு பேச எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-கமாண்ட் இருக்கிறது: -ஆக்டிவேட் உடனே தொடங்கும், -நெக்ஸ்ட் அடுத்த படத்துக்குப் போகும், -லாக் பூட்டும். கடைசியது உண்மையாகவே பூட்டும். விண்டோஸ் /எஸ் சுவிட்சில் கண்ட குறை இங்கே இல்லை. நிலையான அமைப்புகள் உங்கள் முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் கோப்பில் உள்ளன. அதன் புரோகிராம்ஸ் பகுதியில் ஒவ்வொரு வரியும் ஒரு முழுக் கட்டளை. வரியின் தொடக்கத்தில் சிறுகோடு இட்டால் அந்தப் படம் பட்டியலில் இருந்தாலும் ஓடாது. கோப்பைச் சேமித்தாலே போதும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் மாற்றத்தைத் தானே படித்துக்கொள்ளும். புதிய பதிப்புகளின் கையேட்டில் சுவிட்ச்களுக்கு முன் இரட்டைச் சிறுகோடு இருப்பதைக் காணலாம்.

கட்டளையோடு -ரூட் சேர்த்தேன். ஓடுகிறது என்கிறது, ஆனால் திரையில் எதுவும் தெரியவில்லை.

-ரூட் என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் வேர்ச் சாளரத்தில் வரையச் சொல்கிறது. உங்கள் டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளர் சின்னங்களைக் காட்டுவதற்காகத் திரை அளவுக்கு ஒரு சாளரத்தை அதன்மேல் விரித்திருக்கிறது. படம் அதற்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எளிய சாளர மேலாளரோடு ஓட்டினால் தெரியும். சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் -ரூட்டை விட்டுவிடுங்கள், தனிச் சாளரத்தில் ஓடும்.

-டிலே 20 என்று கொடுத்தேன், கண்மண் தெரியாமல் ஓடுகிறதே?

அலகு மைக்ரோநொடி. 10,00,000 என்றால் ஒரு நொடி; 20,000 என்றால் நொடிக்கு ஏறத்தாழ 50 சட்டங்கள் (ஃப்ரேம்கள்). நீங்கள் தந்த 20, ஏறக்குறைய இடைவெளியே இல்லை என்பதற்குச் சமம். பழைய செயலியில் 40,000 அல்லது 50,000 தொடங்கிப் பாருங்கள். -எஃப்பிஎஸ் சேர்த்தால் உண்மையில் எத்தனை சட்டங்கள் வருகின்றன என்பதைத் திரையின் மூலையில் காட்டும்.

256 நிறத் திரையில் சேவர் நிறங்கள் சிதைந்து தெரிகின்றன. சரிசெய்ய வழி உண்டா?

256 இடங்கள் கொண்ட ஒரே நிற அட்டவணையை எல்லா நிரல்களும் பங்கிட்டுக்கொள்வதால், பிறகு வருபவருக்கு மிச்சம் இருப்பதே கிடைக்கிறது. -இன்ஸ்டால் சேர்த்தால் சேவருக்குத் தனி அட்டவணை கிடைக்கும். அது தனிச் சாளரத்தில் ஓடும்போது மற்றச் சாளரங்களின் நிறங்கள் மாறித் தெரியும்; முழுத்திரையில் ஓடும்போது மற்றவை மறைந்திருப்பதால் குறையில்லை. கறுப்பு வெள்ளைத் திரைக்கு -மோனோ உண்டு.

எக்ஸ்ஸ்கிரீன்சேவரை நிறுத்திவிட்டேன். அப்படியும் பத்து நிமிடத்தில் திரை கறுக்கிறது. யார் செய்கிறார்கள்?

திரையில் சாளரங்களை வரையும் எக்ஸ் சர்வருக்குள்ளேயே இன்னொரு சேவர் இருக்கிறது; அதன் வழக்கமான காத்திருப்பு 600 நொடி. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் ஓடும்போது அதை ஒதுக்கி வைத்திருக்கும். அதை அமைக்கும் கட்டளை எக்ஸ்செட். எக்ஸ்செட் க்யூ என்று தட்டினால் இப்போதைய நிலை தெரியும். எக்ஸ்செட் எஸ் ஆஃப் அதை அணைக்கும். எக்ஸ்செட் எஸ் 300 என்றால் ஐந்து நிமிடம். விண்டோஸைப் போலவே இங்கும் நொடிக் கணக்கு என்பதை மறவாதீர்கள்.

அதை அணைத்தும் கறுத்தால் மூன்றாவது ஆள் டிபிஎம்எஸ், அதாவது வீசா என்ற வீடியோ தர அமைப்பு 1993இல் வகுத்த மானிட்டர் மின்சேமிப்பு முறை. எக்ஸ்செட் -டிபிஎம்எஸ் அதை நிறுத்தும். எக்ஸ்செட் டிபிஎம்எஸ் 600 900 1200 என்பது காத்திருப்பு, உறக்கம், அணைப்பு ஆகிய மூன்று நிலைகளுக்கும் நொடிகளைக் குறிக்கும். பூச்சியம் தந்தால் அந்த நிலை மட்டும் விலக்கப்படும், மற்ற எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். இந்த முறைக்கு முந்தைய மானிட்டர் உங்களிடம் இருந்தால் டிபிஎம்எஸ்ஸை நிறுத்திவிட்டு, எக்ஸ்செட் எஸ் பிளாங்க் வைத்துக்கொள்ளுங்கள். திரை வெறுமையாகும், மானிட்டருக்குப் போகும் சைகை அறுபடாது.